பிளக் பாயிண்ட் கூட்டும் முன் டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள்

முப்பது, நாற்பது வருடத்துக்கு முன் கட்டிய வீட்டின் படுக்கையறையை நினைத்துப் பாருங்கள். கதவை ஒட்டி நாலடி உயரத்தில் ஒரு சுவிட்ச் போர்டு. அதில் லைட், ஃபேன், நைட் லாம்ப் சுவிட்சுகளோடு ஒரே ஒரு 5 ஆம்ப்ஸ் பிளக். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. இன்று அதே அறையில் இரண்டு போன் சார்ஜர், லேப்டாப், மானிட்டர், வைஃபை ரூட்டர், கொசு மருந்து, கோடையில் ஏர்கூலர் எல்லாம் ஓடுகின்றன. அந்த ஒற்றைப் பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொன்று என்று கட்டிலுக்கு அடியிலும் பாய்க்கு அடியிலும் வயர் ஓடுகிறது. மலிவான எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் வருவது பெரும்பாலும் 0.75 ஸ்கொயர் எம்எம் (உள்ளே இருக்கும் கம்பியின் குறுக்குப் பரப்பு) என்னும் மெல்லிய வயர். அதன்மேல் பாயை விரித்து மூடினால் உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லை. கூடுதல் பிளக் பாயிண்ட் போடுவது அவசியமான வேலைதான்.

எலக்ட்ரீஷியனை அழைத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி "எங்கே வேணும் சார்?" சுவரில் ஓரிடத்தைக் காட்டுகிறோம். பக்கத்துப் போர்டைக் கழற்றி அதிலிருந்து இரண்டு வயர் இழுத்து, சாயங்காலத்துக்குள் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். பிளக்கும் வேலை செய்கிறது. ஆனால் முதலில் கேட்க வேண்டியது "எங்கிருந்து?" என்பது. புதிய பிளக்குக்கு எந்த வழியாகக் கரண்ட் வரப்போகிறது, அந்த வழியில் இருப்பவற்றில் மிக மெல்லிய வயர் எது, அதற்கு முன்னால் இருக்கும் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச்) எத்தனை ஆம்ப்ஸ், எர்த் வயர் உண்மையிலேயே டிபி (எம்சிபிகள் எல்லாம் இருக்கும் பெட்டி) வரை போகிறதா. இந்த நாலுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் சுவரில் பென்சில் கோடு போட வேண்டும்.

சட்டம் சொல்வதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகள்படி பல்ப், ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிக்கொள்வதற்கு மட்டுமே விலக்கு உண்டு. புதிய பாயிண்ட் கூட்டுவது வயரிங்கை விரிவாக்கும் வேலை. அதை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். ஆகவே கீழே எழுதியிருப்பது, வேலை கொடுக்கும் வீட்டுக்காரர் எதைக் கேட்க வேண்டும், எதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும் என்பதற்காக. தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

எதைச் செருகப்போகிறீர்கள்?

பிளக்கின் எண்ணிக்கையை வைத்து பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணிக்கை ஒரு பொருட்டே இல்லை, செருகும் சாமானின் வாட்தான் கணக்கு. லேப்டாப் சார்ஜர் 65 வாட், மானிட்டர் 30, ரூட்டர் 12, போன் சார்ஜர் இரண்டும் சேர்த்து 60, ஏர்கூலர் 200 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 367 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் 1.6 ஆம்ப்ஸ். இதற்கு ஆறு பிளக் வைத்தாலும் வயருக்கு ஒரு பாரமும் இல்லை. அதே அறையில் ஒரே ஒரு 1,500 வாட் கெட்டிலைச் செருகினால் தனியாக அதுவே 6.5 ஆம்ப்ஸ் இழுக்கும். 6 ஆம்ப்ஸ் பிளக்கின் எல்லை 1,380 வாட், ஆகவே கெட்டில் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. பேச்சில் இன்னும் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்றே சொல்கிறோம். இப்போதைய ஐஎஸ் 1293 என்ற இந்தியத் தரத்தில் அவை 6, 16. பதினாறின் எல்லை 3,680 வாட்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். சார்ஜர், ரூட்டர், டிவி, டேபிள் ஃபேன் வகையறாவுக்கு 6 ஆம்ப்ஸ் பிளக்குகள். அறையின் இப்போதைய லைனிலிருந்தே எடுக்கலாம், சில நிபந்தனைகளோடு. அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, ஹீட்டர் எல்லாம் 16 ஆம்ப்ஸ் பவர் பாயிண்ட், அதற்கு டிபியிலிருந்து தனி லைன். ஏசிக்கும் கீசருக்கும் ஆளுக்கொரு லைன், அவற்றோடு வேறெதையும் சேர்க்கக் கூடாது. வயரிங் நடைமுறையில் நெடுநாளாக உள்ள வரம்பும் இதை ஒட்டியதே. லைட், ஃபேன் சர்க்யூட் ஒன்றுக்கு பத்து பாயிண்ட் அல்லது 800 வாட், பவர் சர்க்யூட் ஒன்றுக்கு இரண்டு 16 ஆம்ப்ஸ் பிளக். பழைய போர்டிலிருந்து எடுக்கும் முன், அந்த சர்க்யூட்டில் ஏற்கெனவே எத்தனை பாயிண்ட் தொங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒரு எம்சிபியை இறக்கிவிட்டு, வீட்டில் எது எது அணைகிறது என்று நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

வயரும் எம்சிபியும்

பைப்புக்குள் ஓடும் காப்பர் வயரின் தாங்குதிறன், தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளில், 1.5 ஸ்கொயர் எம்எம்முக்கு ஏறக்குறைய 14 ஆம்ப்ஸ், 2.5-க்கு 18 முதல் 20, 4-க்கு 25-ஐ ஒட்டி. அந்த அளவுகளுக்கு நான் வைக்கச் சொல்லும் எம்சிபி முறையே 10, 16, 20. ஒரே பைப்பில் பல சர்க்யூட் வயர்கள் சேர்ந்து ஓடினாலும், மொட்டைமாடி வெயில் வாங்கும் சீலிங் வழியாகப் போனாலும் தாங்குதிறன் இன்னும் குறையும். அதனால்தான் எம்சிபியை ஒரு படி கீழே வைக்கிறோம்.

எம்சிபி காப்பது வயரை. சாமானை அல்ல. இது புரியாததால்தான் "அடிக்கடி டிரிப் ஆகுது" என்று 10-ஐக் கழற்றிவிட்டு 20 அல்லது 32 போடுகிறார்கள். எம்சிபியில் எழுதியிருக்கும் எண்ணைத் தொட்டவுடன் அது விழுந்துவிடுவதில்லை. தரத்தின்படி, எழுதிய அளவின் 1.13 மடங்கு கரண்ட் ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக்கூடாது. 1.45 மடங்கில்தான் ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழ வேண்டும். அப்படியென்றால் 20 ஆம்ப்ஸ் எம்சிபி 22 ஆம்ப்ஸுக்கு மேல் ஒரு மணி நேரம் சும்மா விட்டுக்கொண்டிருக்கும். பின்னால் இருப்பது 14 ஆம்ப்ஸ் வயர். பிவிசி மெல்ல இளகி, உறை கறுத்து, ஒருநாள் பேஸும் (கரண்ட் வரும் வயர்) நியூட்ரலும் (கரண்ட் திரும்பும் வயர்) பைப்புக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். எரிவது சுவருக்குள். விழுகிற எம்சிபி தன் வேலையைச் செய்கிறது. அடிக்கடி விழுந்தால் அதற்குத் தீர்வு தனி லைன் இழுப்பது.

வயரின் அளவு எப்படித் தெரியும்? மெயினை அணைத்த பிறகு எலக்ட்ரீஷியன் டிபியின் மூடியைக் கழற்றும்போது கூட நின்று பாருங்கள். புதிய வயரில் உறைமேலேயே அளவும், ஐஎஸ் 694 என்ற எண்ணும், எஃப்ஆர் அல்லது எஃப்ஆர்எல்எஸ் (எளிதில் தீப்பரவாத உறை) என்ற குறியும் அச்சிட்டிருக்கும். பழைய ஆட்கள் 1/18, 7/20 என்று சொன்னால் குழம்ப வேண்டாம், கம்பிகளின் எண்ணிக்கையையும் கேஜையும் சொல்லும் பழைய கணக்கு அது. 1/18 ஏறக்குறைய 1 ஸ்கொயர் எம்எம், 7/20 நாலை ஒட்டி வரும். சுரண்டினால் வெள்ளையாகப் பளபளக்கும் அலுமினிய வயராக இருந்தால் அதிலிருந்து எதையும் நீட்டிக்கவே கூடாது. காப்பரும் அலுமினியமும் நேராகச் சேர்ந்த இடத்தில், ஈரக்காற்றில், அலுமினியம் அரித்துப்போகும். ஜாயிண்ட் தளரும், சூடாகும். அந்த அறைக்கு டிபியிலிருந்து புதிய காப்பர் லைன்தான் வழி.

கூலி பேசும் முறையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம்மூரில் பாயிண்ட் கணக்கில்தான் பேசுகிறோம், ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று. பக்கத்துப் போர்டிலிருந்து மூன்றடி லூப் எடுத்தாலும் ஒரு பாயிண்ட், டிபியிலிருந்து நாற்பதடி இழுத்தாலும் ஒரு பாயிண்ட். அப்படிப் பேசினால் யார்தான் நாற்பதடி இழுப்பார்கள்? டிபியிலிருந்து வரும் லைனை மீட்டர் கணக்கிலும், பாக்ஸ் பொருத்துவதைப் பாயிண்ட் கணக்கிலும் பிரித்துப் பேசுங்கள். அவருக்கும் நியாயம், உங்களுக்கும் சரியான வேலை கிடைக்கும்.

எர்த்

இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மூன்று துளை உள்ள பிளக்கைப் பொருத்திவிட்டு மேல்துளையை வெறுமையாக விடுவது, இருக்கிறது என்று நம்பவைத்து ஏமாற்றுவது. அதைவிடக் கொடியது, எர்த் வயர் கிடைக்காததால் பிளக்குக்குப் பின்னாலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சிறு துண்டு வயரால் இணைப்பது. எல்லாம் வேலை செய்யும், டெஸ்ட் செய்தாலும் சரியாகவே காட்டும். என்றாவது அந்த லைனின் நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், பேஸ் கரண்ட் சாமானுக்குள் புகுந்து, நியூட்ரல் வழியாகத் திரும்ப முடியாமல், அந்தத் துண்டு வயர் வழியாக அயர்ன் பாக்ஸின் உடம்புக்கும் கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கும் 230 வோல்ட்டாக வந்து நிற்கும். தொடுகிற கை வழியாகத்தான் அது தரைக்குப் போகும்.

எர்த் வயரின் அளவு பேஸ் வயருக்குச் சமமாக இருக்க வேண்டும். 2.5 பேஸ் என்றால் 2.5 பச்சை. "எர்த்துல கரண்ட் ஓடாதுங்க, 1 ஸ்கொயர் எம்எம் போதும்" என்பார்கள். கசிவு வந்தால் ஓடப்போகிற அத்தனை கரண்ட்டும் அதில்தான் ஓடும். எர்த் வயர் டிபியில் உள்ள எர்த் லிங்க்குக்கு (எர்த் வயர்கள் எல்லாம் சேரும் பட்டை) நேராகப் போக வேண்டும். தண்ணீர்க் குழாயில் கட்டுவது எந்தக் காலத்திலும் தவறு. இப்போது குழாய்கள் எல்லாம் பிளாஸ்டிக் ஆகிவிட்டதால் அந்த எர்த் எங்கேயும் போவதில்லை.

மல்ட்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டர் மிகச் சிறிய கரண்ட்டையே எடுக்கும். துருப்பிடித்து ஒரு நூலிழையில் தொங்கும் எர்த் கூட அதற்குப் போதும், முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும். பேஸ்–நியூட்ரல், பேஸ்–எர்த் இரண்டும் ஏறக்குறைய சமமாகவும், நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள்ளும் இருப்பது நல்ல அறிகுறி. நியூட்ரல்–எர்த் இருபது முப்பது காட்டினால் எங்கோ கோளாறு. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் லூப் டெஸ்டர் (எர்த் பாதையின் தடையை அளக்கும் கருவி) வைத்திருக்கும் ஆளைக் கூப்பிடுவதே சரி. 100 வாட் பல்பை பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே போட்டுப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. எர்த் அறுந்திருந்தால் அந்த நேரம் வீட்டிலுள்ள எல்லாச் சாமான்களின் உடம்பும் பல்ப் வழியாகப் பேஸோடு இணைந்து நிற்கும் என்பதால் வீட்டில் ஆட்கள் புழங்கும்போது அதைச் செய்யக் கூடாது.

பிளக் கூட்டுகிற சாக்கில், டிபியில் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே விழுந்து லைனை அணைக்கும் சாதனம்) இல்லையென்றால் அதையும் போட்டுவிடுங்கள். கூடுதல் பிளக்குகளைவிட அது முக்கியம் என்பது என் எண்ணம். ஆனால் ஆர்சிசிபி ஓவர்லோடைப் பார்க்காது, அது எம்சிபியின் வேலை. இரண்டும் வேண்டும்.

இன்வெர்ட்டர் இருக்கும் வீடு

எலக்ட்ரீஷியன்களே ஷாக் வாங்குகிற இடம் இது. மெயினை இறக்கியாயிற்று, எல்லாம் அணைந்தது என்று போர்டைக் கழற்றுவார்கள். மெயின் போனவுடன் இன்வெர்ட்டர் தானாக விழித்துக்கொண்டு, அதே போர்டில் உள்ள லைட் ஃபேன் லைனுக்கு 230 வோல்ட் தர ஆரம்பித்திருக்கும். மெயினை இறக்கினால் போதாது. இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் அணைத்து, அதன் அவுட்புட் எம்சிபியையும் இறக்கி, பிறகு கழற்றப்போகும் ஒவ்வொரு முனையையும் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நியான் டெஸ்டரை மட்டும் நம்பக் கூடாது. ரப்பர் செருப்பு, மர ஸ்டூல், பகல் வெளிச்சம் இவை மூன்றும் சேர்ந்தால் கரண்ட் இருந்தும் அது எரிவது கண்ணுக்குத் தெரியாது. மீட்டரையும் முதலில் கரண்ட் இருக்கும் ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டே பயன்படுத்த வேண்டும்.

போர்டில் இன்வெர்ட்டர் லைன் ஒன்று, ஈபி லைன் ஒன்று என இரண்டு பேஸ் வயர் இருந்தால் புதிய பிளக் எதில் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் லைன் பொருத்தம். 16 ஆம்ப்ஸ் பிளக்கை அதில் வைத்தால், கரண்ட் போன நேரத்தில் யாராவது அயர்ன் பாக்ஸைச் செருக, இன்வெர்ட்டர் ஓவர்லோட் ஆகி வீடே இருட்டாகும்.

மும்முனை இணைப்பு (மூன்று பேஸ்) உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை. அறையின் பழைய போர்டு சிவப்பு பேஸில் இருக்கலாம், ஹாலிலிருந்து நீங்கள் இழுக்கும் லைன் நீலத்தில் இருக்கலாம். இரண்டும் ஒரே பாக்ஸுக்குள் வந்தால் அவற்றுக்கு இடையே 400 வோல்ட். ஒரு பாக்ஸுக்கு ஒரு பேஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நியூட்ரலைக் கடன் வாங்குவதும் கூடாது. பேஸை ஒரு சர்க்யூட்டிலிருந்தும், கைக்கு எட்டிய நியூட்ரலை வேறொரு சர்க்யூட்டிலிருந்தும் எடுத்தால் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் எதுவும் தெரியாது. தனித்தனி ஆர்சிசிபி உள்ள டிபியில், புதிய பிளக்கில் எதைச் செருகினாலும் பொட்டென்று விழும். போன கரண்ட் தன் வழியாகத் திரும்பவில்லை என்று அது சரியாகவே கண்டுபிடிக்கிறது. "ஆர்சிசிபி கெட்டுப்போச்சு, எடுத்துடலாம்" என்று சொல்பவரை நம்பாதீர்கள், எந்த நியூட்ரல் லிங்க்கில் மாட்டியிருக்கிறார் என்று பாருங்கள்.

சுவரும் பைப்பும்

வயர் போகும் பாதைக்கு இரண்டு வழி: சுவரில் காடி வெட்டிப் பைப் புதைப்பது, அல்லது சுவர்மேல் பிவிசி கேசிங் பட்டி ஒட்டி ஓட்டுவது. குடியிருக்கும் வீட்டில் கேசிங்கை நான் தயங்காமல் சொல்வேன். தூசி இல்லை, பெயிண்ட் போகாது, நாளை இன்னொரு லைன் சேர்க்க மூடியைக் கழற்றினால் போதும். வாடகை வீட்டுக்கு அதுதான் ஒரே வழி. ஒட்டும் டேப்பை நம்பாமல் ராவல் பிளக் (ஸ்க்ரூவைப் பிடிக்கச் சுவர்த் துளையில் செருகும் குழல்) அடித்து ஸ்க்ரூ போடுங்கள், இரண்டு ஸ்க்ரூவுக்கு இடையே 60 செ.மீ.க்கு மேல் விடாதீர்கள்.

காடி வெட்டத்தான் வேண்டும் என்றால் சுவரின் கனத்தைப் பாருங்கள். செங்குத்துக் காடியின் ஆழம் சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, படுக்கைக் காடி ஆறில் ஒரு பங்கை. 20 எம்எம் பைப்பைப் புதைத்து மேலே அரை அங்குலம் பூச்சு நிற்க ஏறக்குறைய 33 எம்எம் ஆழம் வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் 230 எம்எம், ஆறில் ஒன்று 38, ஆகவே எந்தத் திசையிலும் வெட்டலாம். நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் 115 எம்எம். மூன்றில் ஒன்று 38 என்பதால் மேலிருந்து கீழாக வெட்டலாம், ஆறில் ஒன்று 19 தான் என்பதால் படுக்கையாக வெட்டவே கூடாது. அந்தச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முதுகோடு முதுகாகப் பாக்ஸ் வைத்தால் நடுவில் சுவரே இருக்காது, ஓரடியாவது தள்ளி வையுங்கள். பில்லரிலும் பீமிலும் கட்டிங் மெஷின் படவே கூடாது. பழைய பைப் எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் வெட்ட வேண்டாம். பழைய போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் உள்ள பகுதியில் பைப் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பைப்பில் இரண்டு 90 டிகிரி வளைவுக்கு மேல் வந்தால் நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வயர் மாட்டிக்கொள்ளும். எல்போ வேண்டாம், நீள பெண்ட் வாங்குங்கள். 20 எம்எம் பைப்பில் 2.5 வயர் மூன்று தாராளமாகப் போகும். இரண்டு சர்க்யூட், ஆறு வயர் என்றால் 25 எம்எம். மூன்று வயரையும் ஸ்பிரிங்கில் (வயர் இழுக்கப் பைப்புக்குள் விடும் வளையும் கம்பி) சேர்த்துக் கட்டி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். ஒவ்வொன்றாக இழுத்தால் பின்னால் வருவது முன்னால் கிடப்பதன் உறையை உரசிக் கிழிக்கும். வழுக்குவதற்கு முகப்பவுடர் போதும். கிரீஸ், எண்ணெய் பிவிசியைக் கெடுக்கும். பைப்புக்குள் ஜாயிண்ட் கூடாது, ஜாயிண்ட் எல்லாம் திறந்து பார்க்கக்கூடிய பாக்ஸுக்குள்.

எவ்வளவு வாங்குவது? ஓர் உதாரணம்: டிபியிலிருந்து மேலே 4 அடி, சீலிங் ஓரமாக 28 அடி, கட்டில் பக்கம் இறங்க 8 அடி, மொத்தம் 40. அங்கிருந்து மேசைக்கு இன்னொரு பாக்ஸ், 12 அடி. ஆக 52 அடி, ஏறக்குறைய 16 மீட்டர். பாக்ஸுகளில் முனைக்கு ஒரு சாண், டிபிக்குள் சுற்றி வர முக்கால் மீட்டர் சேர்த்தால் 18 மீட்டர். சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றிலும் 2.5 வயர் 18 மீட்டர். 90 மீட்டர் காயில் வாங்கத் தேவையில்லை, மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையில் வாங்கலாம், உறையில் ஐஎஸ்ஐ முத்திரையைப் பார்த்து. பைப் மூன்று மீட்டர் நீளத்தில் வரும், ஆறு வேண்டும். இந்த லைனுக்கு 16 ஆம்ப்ஸ் எம்சிபி ஒன்று.

பாக்ஸ் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். மாடுலர் வகையில் சுவிட்ச் ஒரு மாடுல், பிளக் பொதுவாக இரண்டு. இரண்டு பிளக்கும் இரண்டு சுவிட்சும் சேர்ந்தால் ஆறு மாடுல். எட்டு மாடுல் பாக்ஸ் வைத்து மீதி இரண்டை டம்மி பிளேட்டால் மூடுங்கள். அடுத்த வருடம் யூஎஸ்பி சாக்கெட்டோ இன்னொரு பிளக்கோ வேண்டும்போது சுவரை உடைக்க வேண்டியதில்லை. பிளேட், சுவிட்ச், பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் வாங்குங்கள், வெவ்வேறு கம்பெனிச் சாமான்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாது.

உயரம் பழக்கத்தைப் பொறுத்தது. மேசை இரண்டரை அடி என்றால் பிளக் மூன்றடியில். கட்டில் பக்கம் இரண்டடி, டிவிக்கு அதன் முதுகுக்குப் பின்னால். சென்னையின் தாழ்வான பகுதிகளிலும், வெள்ளம் புகும் மற்ற ஊர்களிலும் தரைத்தளத்தில் எல்லாப் பிளக்கையும் நாலடியில் வைப்பதே நல்லது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நின்றது என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்குத் தெரியும், அந்தக் கோட்டுக்கு மேலே வையுங்கள்.

முனைகளும் சோதனையும்

சுவரில் பிளக் கெட்டுப்போவது பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூவால். உறையை அளவாக உரித்து, கம்பி ஒன்றுகூட வெட்டுப்படாமல் முறுக்கி, துளை பெரிதாக இருந்தால் நுனியை இரண்டாக மடித்துச் செருகி இறுக்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்த நுனியை ஸ்க்ரூவில் இறுக்காதீர்கள். ஈயம் நாளடைவில் அழுந்தித் தளரும். இறுக்கியபின் ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்க்க வேண்டும். ஜாயிண்ட் தேவைப்படும் இடத்தில் முறுக்கி டேப் சுற்றுவதைவிட லீவர் கனெக்டர் பல மடங்கு மேல். நம் வெயிலுக்கு டேப்பின் பசை சில வருடத்தில் உரிந்துவிடும்.

பிளக்கை நேராகப் பார்க்கும்போது மேலே எர்த், வலப்பக்கம் பேஸ், இடப்பக்கம் நியூட்ரல். பின்னாலிருந்து வயர் மாட்டும்போது இடவலம் மாறித் தெரியும், அங்குதான் தவறு நடக்கிறது. எழுத்துக் குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். சுவிட்ச் பேஸில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் பிளக்கில் கரண்ட் நிற்கும்.

பாக்ஸில் பயன்படுத்தாத பைப் துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லிக் குஞ்சும் வெதுவெதுப்பைத் தேடி அங்கேதான் போகும். எறும்புக் கூட்டம் சுவிட்சின் முனைகளுக்கு இடையே நசுங்கிக் கரியாகி, சுவிட்ச் வேலை செய்யாமல் போவது சாதாரணமாக நடப்பது.

கரண்ட் கொடுக்கும் முன் சார்ஜர், டிவி எல்லாவற்றையும் உருவிவிட்டு 500 வோல்ட் மெக்கர் (வயர் உறை கரண்ட்டைத் தடுக்கும் அளவைக் காட்டும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த், பேஸ்–நியூட்ரல் மூன்றும் ஒரு மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். புதிய வயரில் அதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாக இருந்தால் முதலில் சிமெண்ட் ஈரத்தைச் சந்தேகியுங்கள். காடியைப் பூசிய மறுநாளே கரண்ட் கொடுத்து, ஆர்சிசிபி விழுந்து, நல்ல வயரைப் பிடுங்கிப் பார்த்தவர்கள் உண்டு. பாக்ஸுக்குள் தெறித்த கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பூச்சு காயும்வரை பொறுக்க வேண்டும். பூச்சுக்குத் தண்ணீர் தெளிக்கும் நாட்களில் அந்த லைன் அணைந்தே இருக்கட்டும்.

கரண்ட் வந்தபின் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். புதிய 16 ஆம்ப்ஸ் பிளக்கில் அயர்ன் பாக்ஸை அரை மணி நேரம் ஓடவிட்டு, உருவியபின் பிளக் பின்னைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் உள்ளே ஸ்க்ரூ தளர்வாக இருக்கிறது அல்லது பிளக்கின் பிடிப்பு சரியில்லை.

காடியைப் பூசுவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அளக்கும் டேப்பைச் சுவரில் நீட்டிவைத்து, மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில் பைப் போகிறது என்பது தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை அச்சிட்டு டிபி கதவின் உட்புறத்தில் ஒட்டி, பக்கத்தில் "எம்சிபி 7 – படுக்கையறை பவர், 2.5 வயர், 16 ஆம்ப்ஸ்" என்று தேதியோடு எழுதிவையுங்கள். அடுத்து அந்த அறையில் ஏசி ஸ்டாண்டுக்கோ அலமாரிக்கோ டிரில் போட வருகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.